வாசகர் கேள்வி – பதில்: எந்த மொழியில் எழுதினார்கள்?

ஏப்ரல் இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை பொலிஸைப் பற்றியவை. 2019 உயிர்த்த ஞாயிறில் குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்தின் நினைவுநாள் நெருங்கும்போது மட்டக்களப்பில் இந்தக் கேள்விகள் தாமாகவே எழும். நான் சட்டத்தரணி அல்லள். இருபத்தொன்பது ஆண்டுகள் கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்கும் தமிழில் பேசிய வாய்க்கும் நடுவில் நின்று கண்டதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இந்தியா முன்கூட்டியே சொல்லியும் 2019இல் எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. பிறகு அயல்நாட்டு ஒத்துழைப்பு, ஒப்பந்தம், மாநாடு என்று பேசுவதில் என்ன பயன்?
– ஒரு தாய், மட்டக்களப்பு

அம்மா, உங்கள் இழப்பின் முன்னால் எந்தப் பதிலும் சிறியதுதான். ஆனாலும் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எங்கள் அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் வந்தது. பின்னர் தாக்குதலின் தலைவர் என்று அறியப்பட்ட காத்தான்குடிக்காரர் சஹ்ரான் ஹாசிமின் பெயர் அதில் இருந்தது. தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்பதும் இருந்தது. ஒரு கிழமை கழித்து, 11ஆம் திகதி, பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கடிதம் புறப்பட்டது. அது போய்ச் சேர்ந்தது பிரமுகர்களைக் காக்கும் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு. பூசைக்கும் ஆராதனைக்கும் போகும் சனங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்று தற்கொலைக் குண்டுகள் வெடித்து நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர், ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள்.

தகவல் கையில் இருந்தும் தடுக்கத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா, பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் ஆளுக்கு ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி நட்டஈடு செலுத்தவேண்டும் என்றது. ஆக, அயல்நாடு சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது. கொழும்பிலிருந்து எங்கள் ஊர்த் தேவாலயத்தின் வாசல்வரை அந்தச் சொல் நடந்து வரவில்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அரைவாசி உண்மைதான் சொன்னதாகும். மீதி அரைவாசி எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2017 மார்ச் மாதம் காத்தான்குடி அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்களுக்கும் சூஃபி முஸ்லிம்களுக்கும் இடையே மோதல் நடந்தது. அந்த மனிதரைப் பற்றிக் காத்தான்குடி மக்களே முறைப்பாடு செய்தார்கள். அவர் தலைமறைவானார். 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவுச் சோதனைச்சாவடியில் கடமையில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். உடனே சந்தேகம் எங்கே போனது? பழைய தடத்தில் போனது. விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து அடைத்தார்கள். கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்பது தெரியவந்தது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான். அடைக்கப்பட்டவர் 2019 மே மாதத்தில் வெளியே வந்தார்.

நவம்பர் 30க்கும் ஏப்ரல் 21க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் இருந்தன, அம்மா. அந்த ஐந்து மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை. தங்கள் சகோதரர்கள் இரண்டு பேரின் கொலையையே பொலிஸ் சரியாக விசாரித்திருந்தால், புதுடில்லியிலிருந்து தகவல் வரும்வரை காத்திருக்கவேண்டிய தேவையே இருந்திருக்காது. அயல்நாடு சொன்னதை மட்டுமா கேட்கவில்லை? அயல்வீடு சொன்னதையும் கேட்கவில்லை.

ஒத்துழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குற்ற விடயங்களில் ஒருவருக்கொருவர் உதவுவதற்காகத் தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு செய்த உடன்படிக்கை 2008இல் கொழும்பில்தான் கையெழுத்தானது. வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பும் 2022 மார்ச்சில் கொழும்பில் அதேபோன்ற ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. சார்க் நாடுகளின் தலைவர்கள் கடைசியாக உச்சி மாநாட்டில் கூடியது 2014 நவம்பரில், காத்மண்டுவில். அவர்கள் மறுபடி கூடவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் அங்கிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பவர் இங்கே உள்ள பொலிஸ்காரர்தானே? அவரைச் சீர்திருத்தாமல் கடிதங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: என் இரண்டு பசுமாடுகள் களவு போய்விட்டன. பொலிஸ் நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை என்று சிங்களத்தில் எழுதி, கையொப்பம் வைக்கச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, நீங்கள் சொன்னதுதான் என்றார்கள். வைத்துவிட்டேன். சரியா?
– ஒரு கமக்காரர், கரடியனாறு

ஐயா, வைத்தது உங்கள் பிழை அல்ல. ஆனால் இனி வைக்கவேண்டாம். உங்களுக்கு இருக்கும் உரிமையை நான் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். இதை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 109ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் வாயால் சொல்லும் முறைப்பாட்டை, நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்கிறது அது. அந்த அதிகாரிக்கு அம்மொழியில் எழுத முடியாவிட்டால், உங்கள் மொழியில் எழுதிக் கொடுக்கும்படி உங்களிடம் கேட்கவேண்டும். உங்களால் அப்படி எழுதுவிக்க முடியாது என்றாலோ, அவருடைய மொழியிலேயே எழுதும்படி நீங்களே கேட்டாலோ மட்டும்தான் அவர் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம். அப்போதும், ஏன் அப்படி எழுதினார் என்ற காரணத்தைப் பதியவேண்டும். எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லியும் காட்டவேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கும் வாசகம் இது.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று ஒரு வழக்கைக் கொண்டு சொல்கிறேன். ஊரையும் ஆட்களையும் விட்டுவிடுகிறேன். படுவான்கரைப் பெரியவர் ஒருவர், உங்களைப் போலவே மாடு களவு கொடுத்தவர். இன்னார் விடியப்புறம் தன் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனதைக் கண்டதாக முறைப்பாடு கொடுத்திருந்தார். மாட்டைச் சாய்ப்பது என்றால் ஓட்டிக்கொண்டு போவது. எங்கள் பக்கத்துப் பட்டிக்காரர் எல்லாருக்கும் தெரிந்த சொல். எழுதிய கான்ஸ்டபிளுக்குத் தமிழ் அரைகுறை. சாய்ப்பது என்றால் வீழ்த்துவது என்று விளங்கிக்கொண்டு, மாட்டை வெட்டி வீழ்த்தியதைக் கண்டதாகச் சிங்களத்தில் எழுதிவிட்டார். பெரியவர் கைநாட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது எதிரியின் சட்டத்தரணி அவரிடம் கேட்டார்: “மாட்டை வெட்டியதைக் கண்டீரா?” பெரியவர், “ஐயோ, இல்லை ஐயா, வெட்டவில்லை, சாய்த்துக்கொண்டுதான் போனான்” என்றார். உடனே பொலிஸ் வாக்குமூலத்தை நீட்டினார்கள். அதை நான்தான் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். வாசிக்கும்போதே எனக்கு எங்கே பிழை நடந்தது என்று விளங்கிவிட்டது. ஆனால் மொழிபெயர்ப்பாளருடைய வேலை எழுதியிருப்பதைச் சொல்வது, விளக்கம் கொடுப்பது அல்ல. முரண்பாடு என்று குறியிட்டார்கள். பொய்ச்சாட்சி என்ற பெயரோடு அந்த மனிதர் கூண்டிலிருந்து இறங்கினார். இறங்கும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அந்தப் பார்வை இன்னும் என்னோடு இருக்கிறது. மாடும் போய், மானமும் போய் அவர் வீட்டுக்குப் போனார். அதன்பின் அவருடைய ஊரில் எவராவது பொலிஸுக்குத் தகவல் சொல்லப் போயிருப்பார்களா?

பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் இருமொழி தெரிந்த அதிகாரிகள் இருக்கவேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு 1987இலிருந்து சொல்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும், ஒவ்வொரு இரவுக் கடமையிலும், தமிழ் எழுதத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது: நடந்ததைத் தமிழில் உங்கள் கையாலோ பிள்ளையின் கையாலோ எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பொறுப்பதிகாரிக்குக் கொடுங்கள். மற்றதில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். பொலிஸ் புத்தகத்தில் முறைப்பாடு பதிவதை ஊரில் ‘என்றி போடுவது’ என்கிறோமே, அந்தப் பழைய என்றியின் பக்க இலக்கத்தையும் பந்தி இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பொலிஸாருக்கு எதிரான பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரிப்பது அதற்கு அரசியலமைப்பு கொடுத்த கடமை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1996. ஒரு மாதத்துக்குள் போங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும் காலக்கெடு ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டு, அங்கே விசாரணை நடந்தால், அந்தக் காலம் கணக்கில் சேராது. பணம் இல்லை என்று தயங்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.

கேள்வி: 2019க்கு முன்னால் நாங்கள்தான் முறைப்பாடு கொடுத்தோம். அதன்பின் எங்களைத்தான் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இனித் தகவல் கொடுக்க யாருக்கு மனம் வரும்?
– ஒரு வர்த்தகர், காத்தான்குடி

சகோதரரே, உங்கள் மனவேதனையை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. முன்னாள் போராளியை வவுணதீவில் எப்படிப் பார்த்தார்களோ, அப்படியே அடுத்த வருடம் தாடி வைத்த இளைஞரைப் பார்த்தார்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இரண்டு சமூகத்தாரையும் மாறி மாறி உள்ளே வைத்தது. பொலிஸுக்கு ஆட்களைப் பற்றித் தெரியாதபோது சமூகத்தைப் பற்றி முடிவெடுக்கிறது. உங்கள் ஊரும் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியும் ஒன்றாகச் சேர்ந்து இதைச் சொல்லவேண்டிய காலம் இது. தனித்தனியாகச் சொன்னால் ஒருவரை மற்றவருக்கு எதிராகக் காட்டிவிடுவார்கள்.

கேள்வி: அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குத் தந்த பொலிஸ் அதிகாரம் கிழக்கு மாகாணத்துக்குக் கிடைத்தால் பிரச்சினை தீருமா? அதுவும் அயல்நாட்டு ஒத்துழைப்பால் வந்ததுதானே?
– ஓய்வுபெற்ற அதிபர், கல்முனை

ஐயா, 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வழியே வந்தது அது. மாகாணத்துக்கு ஒரு பொலிஸ் பிரிவு, அதற்கு ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர், மூவர் கொண்ட மாகாண பொலிஸ் ஆணைக்குழு என்று அந்தத் திருத்தத்தின் பின்னிணைப்பில் விவரமாகவே எழுதியிருக்கிறது. எந்த மாகாணத்திலும் இன்றுவரை அது நடைமுறைக்கு வரவில்லை. எங்கள் மாகாண சபையின் காலமோ 2017 செப்டெம்பரில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை.

கொடுக்கவேண்டும் என்பதே என் கருத்து. கரடியனாற்றுப் பட்டிக்காரரின் சொல் விளங்குகிற ஓர் ஆள் அந்த மேசையில் இருப்பதற்கு அது நல்ல வழி. ஆனால் உங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு நீங்களும் ஒன்றை யோசிக்கவேண்டும். அம்பாறையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மாகாணப் பொலிஸ் வந்தால் அது எவருடைய பொலிஸாக இருக்கும் என்று மூன்று சமூகத்துக்குள்ளும் அச்சம் இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. கொழும்பில் இருக்கும் அமைச்சரின் கையிலிருந்து எடுத்து, திருகோணமலையில் இருக்கும் அமைச்சரின் கையில் கொடுப்பது சீர்திருத்தம் ஆகாது. இடமாற்றமும் பதவி உயர்வும் எந்த அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்புக்கும் அசையாமல் இருக்கவேண்டும்.

அதற்காகத்தான் 2001இல் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2015இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20ஆவது மறுபடி பிடுங்கியது. 2022இல் 21ஆவது மறுபடி கொடுத்தது. இருபத்தொரு ஆண்டுகளில் இத்தனை தடவை. தனக்கு மேலே அடுத்த வருடம் யார் இருப்பார் என்று தெரியாத பொறுப்பதிகாரி, சட்டத்தைப் பார்ப்பாரா, ஊர் அரசியல்வாதியின் முகத்தைப் பார்ப்பாரா?

கேள்வி: என் கணவர் ஆழ்கடல் படகில் தொழில் செய்கிறார். இயந்திரம் பழுதாகி அந்தமான் பக்கமோ இந்தியக் கரைக்கோ அடித்துச் சென்று பிடிபட்டால் நாங்கள் எங்கே போவது?
– ஒரு மனைவி, வாழைச்சேனை

தங்கச்சி, முதலில் படகு உரிமையாளரிடம் படகின் பதிவிலக்கம், புறப்பட்ட திகதி, படகில் உள்ள எல்லாருடைய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை வாங்கி வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். இது இல்லாமல் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொன்ன நாளில் படகு வராவிட்டால் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கடற்படைக்கும் தெரிவியுங்கள். இந்தியாவில் பிடிபட்டது தெரிந்தால் கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும். சென்னையில் எங்கள் துணை உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது.

வேற்று நாட்டில் கைதாகிறவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்துடன் தொடர்புகொள்ளும் உரிமை உண்டு. அந்த உரிமையை அவருக்குத் தாமதமின்றிச் சொல்லவேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. இரண்டு நாடுகளும் அதை ஏற்றவை. கடல் எல்லையை இரு நாடுகளும் 1974இலும் 1976இலும் வரைந்துவிட்டன. இயந்திரம் நின்றுபோன படகுக்குத்தான் அந்தக் கோடு தெரிவதில்லை. பிடிக்கும் காவலருக்கும் பிடிபட்டவருக்கும் மொழி விளங்கவேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் பிடிபட்டால் உங்கள் கணவர் பேசுவது விளங்கும். அந்தமானில் அப்படிச் சொல்ல முடியாது. விளங்காத தாளில் கையொப்பம் வைக்கவேண்டாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லி இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். இங்கே தடுத்துவைக்கப்படும் இராமேஸ்வரத்து மீனவரின் மனைவிக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

கேள்வி: வெளிநாடுகளில் ஒளித்திருக்கும் பாதாளக் குழுவினரை இப்போது பிடித்துக்கொண்டு வருகிறார்களே. இது சீர்திருத்தம் இல்லையா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

நல்ல வேலை. மனதாரப் பாராட்டுகிறேன். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர் சட்டத்தரணியின் உடையில் வந்தார். நீதிமன்றமே வாழ்க்கையாக இருந்த எனக்கு அந்தச் செய்தியைக் கேட்டுக் கை நடுங்கியது. அதில் தேடப்பட்ட பெண் ஒக்டோபரில் நேபாளத்தில் பிடிபட்டார். அதற்கு முன்னர் ஓகஸ்ட் மாதத்தில் இந்தோனேசியாவில் பிடிபட்ட சிலரைக் கொண்டுவந்தார்கள். அந்த நாடுகளின் பொலிஸ் கைகொடுக்காவிட்டால் இது நடந்திருக்காது.

ஆனால் நான் சீர்திருத்தம் என்று சொல்வது அதே ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி நடந்ததை. பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனைப் பதவியிலிருந்து நீக்கப் பாராளுமன்றத்தில் 177 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. முறைப்படி விசாரித்து, சட்டம் சொன்ன வழியிலேயே நீக்கினார்கள். உச்சியில் இருப்பவரிடமும் கணக்குக் கேட்கலாம் என்று அன்று தெரிந்தது. அதே கணக்கை ஒரு சாதாரண நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் கேட்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

கேள்வி: இந்தியாவின் பொலிஸ் எங்களுக்குப் பாடம் சொல்லும் தகுதி உள்ளதா? சாத்தான்குளத்தை மறந்துவிட்டீர்களா?
– ஓர் ஆசிரியர், அக்கரைப்பற்று

மறக்கவில்லை. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் கடைக்காரத் தந்தையும் மகனும் பொலிஸ் அடித்த அடியில் இறந்தார்கள். தமிழ் பேசும் பொலிஸ், தமிழ் பேசும் மனிதர்களை அடித்தது. மொழி ஒன்றானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தால் அந்தத் தந்தையும் மகனும் என்னைத் திருத்துவார்கள். அதனால்தான் இந்தியாவிடமிருந்து பாடம் கேட்கவேண்டும் என்கிறேன். வென்ற பாடத்தையும் தோற்ற பாடத்தையும் சேர்த்தே.

இரண்டு நாட்டுப் பொலிஸும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். இந்தியாவின் பொலிஸ் சட்டம் 1861இல் வந்தது. எங்கள் பொலிஸ் கட்டளைச்சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கம், இன்றும் அதுதான். இங்கே பொலிஸைக் கட்டியெழுப்ப 1866இல் வந்த கம்பெல் என்ற அதிகாரி, அதற்கு முன் பம்பாய் மாகாணத்து ரத்னகிரியில் கடமையாற்றியவர். ஆண்டவர்களைக் காப்பதற்கும் ஆளப்பட்டவர்களை அடக்கி வைப்பதற்கும் எழுதிய சட்டங்கள் அவை. பங்களாதேஷிலும் அதே 1861தான். 2024இல் ஆட்சி மாறியதும் அங்கே பொலிஸ் சீர்திருத்தத்துக்கு ஓர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். பாகிஸ்தான் 2002இல் புதிய பொலிஸ் சட்டம் ஒன்றை எழுதிப் பார்த்தது. நோய் ஒன்றாக இருக்கும்போது நாலு வீட்டாரும் கூடி மருந்தைப் பேசுவது இயல்புதானே?

இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் டி. கே. பாசு வழக்கில், கைதுசெய்யும் பொலிஸ்காரர் பெயர்ப்பட்டி அணியவேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியின் கையொப்பம் வாங்கவேண்டும், உறவினருக்கு அறிவிக்கவேண்டும் என்றெல்லாம் விதித்தது. 2006 செப்டெம்பர் 22இல் பிரகாஷ் சிங் வழக்கில் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. விசாரணைப் பிரிவை ஒழுங்கு காக்கும் பிரிவிலிருந்து பிரிப்பது, பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டுக்குத் தனி அதிகார சபை அமைப்பது ஆகியவை அவற்றில் உண்டு. பல மாநிலங்கள் அவற்றை முழுமையாக நிறைவேற்றவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சாத்தான்குளம் நடந்தது. எங்களிடமும் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டம் இருக்கிறது. குற்றவாளிக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. நான் வேலைசெய்த காலம் முழுவதிலும் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு தீர்ப்பையும் நான் மொழிபெயர்த்ததில்லை. காயத்தோடு கூண்டில் நின்றவர்களை மட்டும் நிறையவே பார்த்தேன்.

ஒரு நல்லதையும் சொல்கிறேன். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1973இலேயே பெண்களுக்கென்று பொலிஸ் நிலையம் திறந்தார்கள். தமிழ்நாடு 1992இல் தொடங்கியது. அடிபட்ட பெண் போய் உட்கார்ந்து, அழுது, பிறகு பேசுவதற்கு ஓர் இடம். கிழக்கில் ஒன்றையாவது அப்படித் திறந்து பார்க்கக் கூடாதா? கோழிக்கோட்டிலிருந்து இரண்டு பெண் அதிகாரிகளை மூன்று மாதம் அழைத்துவந்து எங்கள் பெண் கான்ஸ்டபிள்களோடு உட்காரவைத்தால், அதுவே நான் விரும்பும் அயல்நாட்டு ஒத்துழைப்பு.

கேள்வி: எனக்கு 19 வயது. கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பிக்க ஆசை. அப்பா வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு மாணவி, திருக்கோவில்

மகள், முதலில் உங்கள் அப்பாவோடு பேசுகிறேன். ஐயா, உங்கள் பயம் எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் பொலிஸ் என்றால் தொப்பி போட்டுச் சைக்கிளில் வரும் ஊர்ப் பொலிஸ் அல்ல. பச்சை உடுப்போடு வந்த விசேட அதிரடிப்படை. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, அது நடந்த காடு. பொலிஸால் இறந்தவர்களும் பொலிஸாக இருந்ததால் இறந்தவர்களும் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள். அந்த நினைவோடு மகளை அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: அனுப்புங்கள்.

மகள், இலங்கைப் பொலிஸில் பெண்கள் சேரத் தொடங்கியது 1952இல். கல்லடியிலேயே பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. விண்ணப்பம் கோரும் அறிவித்தலை வர்த்தமானியில் பாருங்கள். தரகர் யாராவது பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம். வேலை கிடைத்தபின் உங்களைத் தேநீர் போடவோ ஊர்வலத்துக்கு நிற்கவோ மட்டும் அனுப்பினால், முறைப்பாடு எழுதும் மேசையைக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். சிங்களம் படியுங்கள், நன்றாகப் படியுங்கள். ஒரு சிங்களத் தாய் அம்பாறையிலிருந்து வந்து உங்கள் முன்னால் நின்றாலும் அவருடைய சொல்லும் அவர் சொன்னபடியே பதியப்படவேண்டும்.

என்னிடம் இரண்டு பழைய கொப்பிகள் இருக்கின்றன. நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் தமிழுக்குச் சிங்களமும் சிங்களத்துக்குத் தமிழுமாக நான் எழுதிச் சேர்த்த சொற்கள். பட்டி, மேய்ச்சல்தரை, வாடி, தோணி, வரம்பு, சீட்டு, சீதனம் என்று வழக்குகளில் அடிபட்ட சொற்கள்தான் அதிகம். ‘சாய்த்தல்’ என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். உங்கள் முகவரியை இதழ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். முதல் கொப்பியை அனுப்பிவைக்கிறேன். படித்து முடித்ததும் இரண்டாவதைக் கேளுங்கள்.